சிக்கிக்கொண்ட இடத்தில்தான் ஆட்டம்: சாகச, புதிர் வீடியோ கேம்களுக்குப் புதியவர்களுக்கான வழிகாட்டி

கோவை கணபதியில் மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். மோட்டார் கொண்டுவருகிறவர்கள் காத்திருக்கும் நேரத்தில் மேசையோரம் இருக்கும் லேப்டாப்பைப் பார்த்துவிட்டு, "இந்த ஆட்டத்தில் சுடுவதே இல்லைங்களா?" என்று கேட்பார்கள். இல்லை. நான் விளையாடுவது பெரும்பாலும் சாகச விளையாட்டும் புதிர் விளையாட்டும்தான். கேட்டவர்களில் சிலர் அடுத்த முறை வரும்போது, எங்கிருந்து தொடங்கலாம், என்ன வாங்க வேண்டும், பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா என்று விசாரிக்கிறார்கள். பட்டறையில் நின்றபடி துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

எது சாகசம், எது புதிர் என்று முதலில் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். சாகச விளையாட்டின் வேர் 1970-களின் நடுவில் இருக்கிறது. வில் க்ரௌதர் என்ற அமெரிக்க நிரலாளர் குகைகளுக்குள் இறங்கி வரைபடம் எடுப்பவர். கென்டக்கி மாநிலத்தின் மம்மத் குகையை நினைவில் வைத்து, படமே இல்லாமல் எழுத்தால் மட்டும் ஒரு குகையைக் கணினிக்குள் கட்டினார். "வடக்கே போ", "விளக்கை எடு" என்று ஆடுகிறவர் தட்டச்சு செய்ய வேண்டும். 1977-இல் டான் வுட்ஸ் அதை விரிவாக்கினார். பிறகு படம் வந்தது, மௌஸ் வந்தது. 1990-இல் வந்த 'தி சீக்ரெட் ஆஃப் மங்கி ஐலண்ட்' போன்றவற்றில் சுட்டிக் காட்டினால் பாத்திரம் நடக்கும், பொருளை எடுக்கும், ஒரு பொருளை இன்னொன்றின்மீது பயன்படுத்தும். புதிர் விளையாட்டு இதற்குப் பக்கத்து வீடு. 1984-இல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் உருவாக்கிய டெட்ரிஸை அறியாதவர்கள் குறைவு. இன்று இரண்டும் கலந்தே வருகின்றன: கதைக்குள் புதிர், புதிருக்குள் கதை. திண்ணையில் விடுகதை போட்டு வளர்ந்தவர்களுக்கும் கோயில் கல்தளத்தில் ஆடுபுலி ஆட்டம் ஆடியவர்களுக்கும் இந்த ருசி புதிதாகத் தெரியாது.

முதல் படி: கையில் இருப்பதை வைத்துத் தொடங்குங்கள்

ஆர்வம் வந்த கையோடு கடைக்குப் போய்ப் பெரிய கருவியை வாங்கிவிடாதீர்கள். பெரும்பாலான புதிர் விளையாட்டுகளுக்கு விலையுயர்ந்த கிராஃபிக்ஸ் கார்டு தேவையே இல்லை.

உங்களிடம் இருப்பது ஃபோன் மட்டும் என்றால் 'மானுமென்ட் வேலி' போதும். 2014-இல் வந்தது. கோபுரங்களையும் படிக்கட்டுகளையும் விரலால் திருப்பி, கண்ணை ஏமாற்றும் பாதைகளை இணைத்து, ஒரு சிறுமியை நடத்திச் செல்ல வேண்டும். மரப்பெட்டியின் பூட்டுகளைத் திறந்துகொண்டே உள்ளே போகும் 'தி ரூம்' 2012-இல் வந்தது; திருகுவதிலும் இழுப்பதிலும் கைக்கு ஒரு சுகம் இருக்கிறவர்களுக்கு அது மிகவும் பிடிக்கும்.

பழைய விண்டோஸ் லேப்டாப் இருந்தால் இன்னும் நல்லது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் பிராசஸர், மெமரி, கிராஃபிக்ஸ் மூன்றின் பெயரும் அளவும் இருக்கும். நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். எந்த விளையாட்டின் விற்பனைப் பக்கத்திலும் கீழே, அது ஓடத் தேவையான குறைந்தபட்ச அளவு கொடுத்திருப்பார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு நிமிடம் ஆகும். நான் முதன்முதலில் வாங்கிய விளையாட்டு இதைப் பார்க்காமல் வாங்கியதுதான். அது ஓடவே இல்லை.

ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காமல் தொடங்க விரும்பினால் 'பினீத் எ ஸ்டீல் ஸ்கை' இருக்கிறது. 1994-இல் பிரிட்டனில் உருவான இந்தச் சாகச விளையாட்டை 2003-இல் இலவசமாகக் கொடுத்துவிட்டார்கள். பழைய சாகச விளையாட்டுகளை இன்றைய கணினியில் ஓட்டுவதற்கென்றே ஸ்கம்விஎம் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அதன் தளத்திலேயே இந்த விளையாட்டும் கிடைக்கிறது. கணினி விளையாட்டுகளை விற்கும் எபிக் என்ற இணையக் கடையில் கணக்கு வைத்திருந்தால் வியாழக்கிழமை தோறும் ஒரு விளையாட்டையாவது இலவசமாகத் தருகிறார்கள். நமக்குப் பிடித்த வகை எப்போதாவதுதான் வரும். வரும்போது எடுத்துவைத்துக்கொண்டால் அது நம் கணக்கிலேயே இருக்கும்.

கன்சோல், அதாவது விளையாட்டுக்கென்றே உள்ள கருவி, வாங்கித்தான் ஆக வேண்டும் என்று வீட்டில் முடிவாகியிருந்தால் ஒன்றை மட்டும் பாருங்கள்: அதில் டிஸ்க் போடும் இடம் இருக்கிறதா? பிளேஸ்டேஷன் 5-இன் டிஜிட்டல் பதிப்பிலும் எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எஸ் கருவியிலும் டிஸ்க் டிரைவ் கிடையாது. டிஸ்க் டிரைவ் இருந்தால் பழைய டிஸ்க்கை வாங்கலாம், ஆடி முடித்ததை நண்பருக்குக் கொடுக்கலாம், திரும்ப விற்கலாம். புதிர் விளையாட்டை ஒருமுறை அவிழ்த்துவிட்டால் உடனே மறுபடி ஆட மாட்டோம் என்பதால் இந்தக் கைமாற்று வசதி நமக்கு உண்மையிலேயே பெரிய விஷயம். ஆனால் சிறிய புதிர் விளையாட்டுகளில் பல டிஸ்க்கில் வருவதே இல்லை என்பதையும் சேர்த்து யோசியுங்கள். நின்டெண்டோ ஸ்விட்ச் கையில் வைத்தே ஆடலாம், படுத்துக்கொண்டு ஆட ஏற்றது.

எழுத்து நிறைய உள்ள, சுட்டிக் காட்டி ஆடும் சாகசங்களுக்குக் கணினியும் மௌஸும்தான் சரி. குடும்பமாக உட்கார்ந்து டிவியில் பார்க்கும்படியானவற்றுக்குக் கன்சோல். கீழே சொல்லப்போகும் 'போர்ட்டல்' போன்றவற்றை லேப்டாப்பின் டச்பேடில் ஆட முயலாதீர்கள். ஒரு சாதாரண யூஎஸ்பி மௌஸ் வாங்கிவிடுங்கள்.

வாங்கும்போது

கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் என்ற இணையக் கடையில் விலை ரூபாயிலேயே இருக்கும். பிடித்ததை விருப்பப் பட்டியலில் போட்டுவிட்டுக் காத்திருங்கள். தள்ளுபடி வரும்போது மின்னஞ்சல் வரும். இந்த வகை விளையாட்டுகள் நாள்பட நாள்பட விலை குறையும், ருசி குறையாது. வாங்கி 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். அதனால் வாங்கிய அன்றே ஓட்டிப் பாருங்கள். வாங்கிப் போட்டுவிட்டு, தீபாவளி விடுமுறைக்குத் திறந்து, ஓடவில்லை என்று கேட்டால் அந்தக் கெடு முடிந்திருக்கும். பிள்ளைகள் ஆடும் கணக்கில் உங்கள் கார்டு விவரத்தைச் சேமித்துவைக்க வேண்டாம்.

வயது முத்திரையையும் பாருங்கள். ஐரோப்பாவின் பெகி முத்திரையில் 3, 7, 12, 16, 18 என்று எண் இருக்கும். 'இன்சைட்' என்ற விளையாட்டு, விற்பனைப் பக்கத்துப் படங்களில் பார்க்கச் சிறுவன் ஒருவன் ஓடுகிற எளிய ஆட்டம் போலத் தெரியும். அந்தச் சிறுவன் சாகும் விதங்கள் சின்னப் பிள்ளைகள் பார்க்கக்கூடியவை அல்ல.

எதை முதலில் ஆடுவது

ஆங்கிலம் தடையாக இருக்கும் என்று பலர் தயங்குகிறார்கள். சொல்லே இல்லாத விளையாட்டுகள் இருக்கின்றன. செக் நாட்டு விளையாட்டு உருவாக்கும் குழு ஒன்று 2009-இல் வெளியிட்ட 'மெஷினேரியம்' அவற்றில் என் முதல் பரிந்துரை. துருப்பிடித்த நகரத்தில் ஒரு குட்டி ரோபோ. பாத்திரங்கள் தங்கள் மனதில் உள்ளதைத் தலைக்கு மேல் படமாகக் காட்டுவார்கள்; வசனம் கிடையாது. குழாய், பல்சக்கரம், நெம்புகோல், சுவிட்ச் என்று எல்லாம் நம் பட்டறைச் சாமான்கள். பீளமேட்டிலோ சிட்கோவிலோ லேத்தில் நின்றவர்களுக்கு அந்த ஊர் அந்நியமாகத் தெரியாது. 'ஜர்னி', 'கோரோகோவா' இரண்டும் இதே போலச் சொல்லில்லாதவை.

இரண்டாவதாக 'வெண்பா'. கனடாவின் டொரான்டோவில் இயங்கும் விசை கேம்ஸ் 2023-இல் வெளியிட்டது. 1980-களில் அங்கே குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பம், வெண்பா என்ற தாய், அவளுடைய அம்மாவின் கிழிந்துபோன சமையல் குறிப்பேடு. பாதி அழிந்த குறிப்பை வைத்துக்கொண்டு சமைத்து முடிப்பதுதான் புதிர். கணினியிலும் எல்லா முக்கிய கன்சோலிலும் கிடைக்கிறது, ஒரே மாலையில் முடிந்துவிடும்.

இட்லி வருகிற முதல் பகுதியை ஆடிக்கொண்டிருந்தபோது என் மகள் தட்டுகளை அடுக்குவதில் இரண்டு முறை தவறினாள். பின்னால் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த என் அம்மா, திரையைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. "குழிக்கு நேர் மேலே குழி வைத்தால் ஆவி எப்படி ஏறும் கண்ணு? தட்டைக் கொஞ்சம் திருப்பிப் போடு" என்றார். மகள் திருப்பிப் போட்டாள். அதன் பிறகு அம்மா வெங்காயத் தட்டோடு சோபாவின் முன்பக்கம் வந்து உட்கார்ந்துவிட்டார். அறுபத்தெட்டு வயதில் அவர் ஆடிய முதல் வீடியோ கேம் அது. தனக்குத் தெரிந்த ஒன்று ஆட்டத்துக்குள் பயன்படுகிறது என்று கண்ட நிமிடத்தில்தான் ஒருவர் உள்ளே வருகிறார். அதனால் மற்றவர்களுக்கு அறிமுகம் செய்யும்போது உங்களுக்குப் பிடித்ததைக் கொடுக்காதீர்கள். அவர்களுக்குத் தெரிந்த உலகத்தில் நடப்பதைத் தேடிக் கொடுங்கள்.

மூன்றாவது 'போர்ட்டல்'. 2007-இல் வந்தது, இப்போதைய சாதாரண லேப்டாப்பிலும் ஓடும். சுவரில் நீல வாசல் ஒன்றும் ஆரஞ்சு வாசல் ஒன்றும் திறக்கலாம். ஒன்றில் நுழைந்தால் மற்றதில் வெளியே வருவோம். வேகமாக உள்ளே விழுந்தால் அதே வேகத்தில் வெளியே பாய்வோம். இவ்வளவுதான் விதி. இதைச் சொல்லிக்கொடுக்கும் முறைதான் அபாரம். முதல் அறைகளில் வாசல் திறக்கும் கருவியே உங்கள் கையில் இருக்காது. வாசல்கள் தாமாகத் திறக்கும், நீங்கள் நடந்து பார்த்தால் போதும். பிறகு நீலம் மட்டும் கைக்கு வரும். வெகுநேரம் கழித்துத்தான் ஆரஞ்சு. பட்டறைக்குப் புதிதாக வரும் பையனுக்கு நல்ல மேஸ்திரி வேலை கற்றுக்கொடுப்பதும் இந்த வரிசையில்தான். சிலருக்கு இதில் தலைசுற்றும். அறையில் விளக்கைப் போட்டுக்கொண்டு, திரையிலிருந்து தள்ளி உட்கார்ந்து, முதல் நாள் 20 நிமிடத்தோடு நிறுத்துங்கள்.

நான்காவதாக 'பாபா இஸ் யூ'. பின்லாந்தைச் சேர்ந்த ஆர்வி தெய்காரி உருவாக்கி 2019-இல் வெளியானது. இதில் விதிகளே தள்ளக்கூடிய கட்டைகளாகத் தரையில் கிடக்கின்றன. 'சுவர் என்பது தடை' என்று மூன்று சொல் வரிசையாக இருக்கும்வரை சுவர் வழிவிடாது. ஒரு சொல்லைத் தள்ளி வரிசையைக் கலைத்துவிட்டால் சுவருக்குள்ளேயே நடந்து போகலாம். பத்துப் பதினைந்து ஆங்கிலச் சொற்கள் தெரிந்தால் தொடங்கிவிடலாம். ஆனால் கடினமானது, பாதியில் நிறுத்துவதில் தவறே இல்லை. அது எனக்கு மிகவும் பிடித்த விளையாட்டு, நான் இன்னும் முடிக்கவில்லை.

'அவுட்டர் வைல்ட்ஸ்', 'தி விட்னஸ்' என்று எல்லோரும் புகழ்வதைக் கேட்டு அதிலிருந்து தொடங்காதீர்கள். இரண்டும் அருமையானவை, இரண்டும் பழகிய பிறகு ஆட வேண்டியவை.

நோட்டு

ஒரு 40 பக்க நோட்டும் ஒரு பேனாவும் வாங்கி விளையாடும் இடத்திலேயே வையுங்கள். இதை நான் விருப்பம் இருந்தால் செய்யுங்கள் என்று சொல்லவில்லை. 1993-இல் வந்த 'மிஸ்ட்' விளையாட்டின் பெட்டியிலேயே ஆடுகிறவர் குறிப்பு எழுத வெற்று நோட்டு ஒன்றை வைத்துக் கொடுத்தார்கள். ஆளில்லாத தீவு, விளக்கம் சொல்ல யாருமில்லை, பார்த்ததை எழுதாவிட்டால் ஒரு கதவும் திறக்காது.

எங்கள் தொழிலில் எரிந்த மோட்டார் வந்தால் பழைய கம்பியைப் பிரிப்பதற்கு முன் எழுதியாக வேண்டும்: ஒரு காயிலுக்கு எத்தனை சுற்று, எந்த கேஜ் கம்பி, எந்த ஸ்லாட்டில் தொடங்கி எதில் முடிகிறது, இணைப்பு எப்படிப் போகிறது. எழுதாமல் வெட்டி எடுத்துவிட்டால் அதன்பின் அந்த மோட்டார் ஒரு ஊகம்தான். விளையாட்டிலும் அதே பழக்கம் உதவுகிறது. சுவரில் ஒரு சின்னம் கண்டால் வரையுங்கள். எண் கண்டால் எழுதுங்கள். திறக்காத கதவு ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்விக்குறி போடுங்கள். அறைகளைச் சதுரமாக வரைந்து, எது எதோடு சேர்கிறது என்று கோடு போடுங்கள். திரையை ஃபோனில் படம் எடுத்து வைத்தால் போதாதா என்று கேட்பார்கள். படம் எடுத்தால் பார்த்துவிட்டோம் என்ற நிம்மதிதான் வரும். கையால் வரையும்போதுதான், இந்தச் சின்னத்துக்கு ஏன் நான்கு கோடு, பக்கத்து அறையில் ஐந்து இருந்ததே என்று கண்ணில் படும்.

சேமிப்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சில விளையாட்டுகள் தாமாகவே சேமித்துக்கொள்ளும், சிலவற்றில் நாம்தான் செய்ய வேண்டும். தொடங்கிய ஐந்தாவது நிமிடத்தில் எது என்று தெரிந்துகொள்ளுங்கள். டெஸ்க்டாப்பில் யூபிஎஸ் இல்லாமல் ஆடுகிறவர்கள் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவிப்பைப் பேப்பரில் பார்த்துவிட்டு உட்காருவது நல்லது. பழைய வகைச் சாகசங்களில் ஒரே பெயரில் சேமிக்காமல் இரண்டு மூன்று இடங்களில் மாற்றி மாற்றிச் சேமியுங்கள்.

சிக்கிக்கொள்ளும்போது

கட்டாயம் சிக்கிக்கொள்வீர்கள். புதிதாக வந்தவர்கள் பெரும்பாலும் இங்கேதான் விட்டுவிடுகிறார்கள் அல்லது யூடியூபைத் திறந்து விடையைப் பார்த்துவிடுகிறார்கள். இந்த வகை விளையாட்டில் நீங்கள் காசு கொடுத்து வாங்கியது அந்தச் சிக்கல் தரும் நேரத்தைத்தான். அதை எப்படிக் கடப்பது என்று சொல்ல ஒரு மோட்டாரைக் காட்டுகிறேன்.

ஒரு சிங்கிள் ஃபேஸ் மோட்டார் வருகிறது. சுவிட்சைப் போட்டால் உறுமுகிறது, சுற்றவில்லை. புதுப் பையன் உடனே ஸ்பானரை எடுத்துக் கழற்றப் போவான். நான் தடுப்பேன். முதலில் கேள், முகர்ந்து பார். எரிந்த வாசனை இருக்கிறதா? இல்லை. மின்சாரத்தை நிறுத்திவிட்டு ஷாஃப்ட்டைக் கையால் சுற்று. இறுக்கமா? இல்லை, லேசாகச் சுற்றுகிறது. அப்படியானால் பேரிங் பிடித்துக்கொள்ளவில்லை. உறுமுவதால் மின்சாரம் உள்ளே போகிறது. மீதியிருப்பதில் முதல் சந்தேகம் கெபாசிட்டர். அதை மட்டும் மாற்றிப் பார். ஒரே நேரத்தில் மூன்றை மாற்றினால், ஓடினாலும் எதனால் ஓடியது என்று தெரியாது.

புதிரிலும் இதே வரிசையில் போங்கள். எதையும் தொடாமல் அறையை ஒருமுறை முழுவதும் பாருங்கள், ஒலியையும் கேளுங்கள். நிச்சயமாகத் தெரிந்ததை நோட்டின் இடப்பக்கத்தில் எழுதுங்கள். ஊகத்தை வலப்பக்கத்தில் எழுதுங்கள். பெரும்பாலும் ஒரு ஊகத்தை நாம் உண்மை என்று இடப்பக்கத்தில் எழுதியிருப்போம். சிக்கல் அங்கேதான் இருக்கும். பிறகு ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்து, என்ன ஆனது என்று எழுதுங்கள். இந்த அறையில் இன்னும் பயன்படுத்தாத பொருள் எது என்று கேளுங்கள். போன அறை எதைக் கற்றுக்கொடுத்தது என்று கேளுங்கள். நல்ல விளையாட்டு கற்றுக்கொடுக்காததைக் கேட்காது. அப்படியும் வரவில்லையென்றால் பக்கத்தில் இருப்பவருக்கு அறையை வாய்விட்டு விளக்குங்கள். அவர் விளையாட்டே ஆடாதவராக இருந்தால் இன்னும் நல்லது, நாம் கேட்க மறந்த கேள்வியைக் கேட்பார். என் அம்மா ஒருமுறை, "அந்தக் கதவையே ஏன் சாமி தட்டிக்கொண்டிருக்கிறாய், ஜன்னல் திறந்துதானே கிடக்கிறது?" என்று கேட்டார். ஜன்னல் திறந்துதான் கிடந்தது.

இரண்டு மாலை கழிந்தும் நகரவில்லையென்றால் உதவி பார்க்கலாம், அதில் குற்றவுணர்வு தேவையில்லை. ஆனால் முழுத் தீர்வையும் ஓடவிடும் வீடியோவைப் பார்க்காதீர்கள். தேவையான ஒரு விடையோடு அடுத்த பத்து விடைகளும் கண்ணில் பட்டுவிடும். சிறு குறிப்பில் தொடங்கிப் படிப்படியாகத் திறந்து காட்டும் குறிப்புத் தளங்கள் இருக்கின்றன, அவற்றைத் தேடுங்கள். 'மெஷினேரியம்' இந்த விஷயத்தில் அழகாக யோசித்திருக்கிறது. ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு சிறு குறிப்பு எளிதாகக் கிடைக்கும். முழு விடை உள்ள புத்தகம் பூட்டியிருக்கும். அதைத் திறக்க ஒரு சாவியைப் பறக்கவிட்டு ஆடும் சின்ன ஆட்டத்தை முடிக்க வேண்டும். அந்த ஆட்டம் கொஞ்சம் அலுப்பானது. பலர் அதை ஆடுவதற்குப் பதில் புதிரையே இன்னொருமுறை பார்க்கலாம் என்று திரும்பிவிடுவார்கள்.

நான்கைந்து விளையாட்டுகள் முடித்து, நோட்டு பாதி நிரம்பிய பிறகு 'ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்' எடுங்கள். லூகாஸ் போப் 2018-இல் வெளியிட்டது. கணினியிலும் மூன்று கன்சோல்களிலும் உண்டு. கதை நடப்பது 1807. காணாமல்போன கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல் ஆளில்லாமல் கரைக்கு மிதந்து வருகிறது. நாம் கம்பெனியின் காப்பீட்டு ஆய்வாளர். 60 பேர் யார், ஒவ்வொருவருக்கும் என்ன நேர்ந்தது என்று கண்டுபிடித்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். சங்ககிரிக் கோட்டையில் தீரன் சின்னமலையைக் கம்பெனி தூக்கிலிட்டது 1805-இல். இரண்டே ஆண்டு கழித்து அதே கம்பெனியின் கணக்குப் பேரேடு நம் கையில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு ஆடும்போது எனக்கு ஒவ்வொரு பெயரும் கனமாக இருந்தது. ஆங்கிலம் ஓரளவு வேண்டும். மூன்று பேரைச் சரியாகக் கண்டுபிடித்தால்தான் சரி என்று உறுதிசெய்யும். ஒருவரை மட்டும் குருட்டாம்போக்கில் எழுதித் தப்பிக்க முடியாது. உச்சரிப்பு, உடை, யார் யாரோடு நிற்கிறார், யாருடைய தொங்குபடுக்கை எந்த எண்ணில் என்று எல்லாம் சாட்சி.

நாங்கள் மூவரும் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் இதை ஆடுகிறோம். மகள் மௌஸ் பிடிக்கிறாள், நான் எழுதுகிறேன், அம்மா முகங்களை நினைவில் வைத்துக்கொள்கிறார். இதுவரை 33 பேர் உறுதியாகியிருக்கிறார்கள். மீதி 27 பேர் நோட்டில் கேள்விக்குறியோடு இருக்கிறார்கள்.